தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த மெக்கானிக்கும், வாசலில் வண்டியைப் பிரிக்கும் நாமும்

காட்பாடி ஆல்டோ எழுதியது:

போன வருடம் கத்திரி வெயிலில் என் 2009 ஆல்டோ வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றபோது டெம்பரேச்சர் முள் சரசரவென்று மேலே ஏறியது. ஓரம் கட்டி, ஆறவைத்து, ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சாயங்காலம் வண்டி ரெடி. "சரி பண்ணியாச்சு சார், இனிமே ஹீட்டே ஆவாது" என்றார். 2,800 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் கூட்டல் கணக்கு மட்டும் வந்தது.

அவர் சொன்ன மாதிரியே ஹீட் ஆகவில்லைதான். ஒரு வருடமாக முள் அடியை விட்டு எழவே இல்லை. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 13க்கு இறங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் என்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே ரேடியேட்டர் ஃபேன் உய்ங் என்று கத்த ஆரம்பிக்கும், மார்கழிக் காலையிலும் இதே கதை. போன ஞாயிற்றுக்கிழமை நானே பானெட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு) மூடியின் இரண்டு போல்ட்டில் ஒன்று கையாலேயே சுற்றியது. மூடியைச் சுற்றிலும் பல்பசை பிதுங்கின மாதிரி அனபாண்ட் என்கிற ஒட்டுப் பசை. கத்தியால் கீறித் திறந்தால் உள்ளே காலி. தெர்மோஸ்டாட்டே இல்லை! ஃபேன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், ரிலே சுவிட்சுக்குப் போகாமல் நடுவில் வெட்டி, இக்னிஷன் லைனோடு முறுக்கி, மேலே டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு ஃபியூஸ்கூடக் கிடையாது.

புதுத் தெர்மோஸ்டாட், பேக்கிங், கூலன்ட் எல்லாம் சேர்த்து 1,500க்குள் முடிந்தது. ஒயரையும் பழையபடி ரிலேவுக்கே கொடுத்துவிட்டேன். மூன்று மணி நேர வேலை. இனிமேல் என் வண்டியில் வேறு யாரும் ஸ்பேனர் வைக்க முடியாது. ஆயில், பிளக், பிரேக் எல்லாமே வீட்டு வாசலில்தான். இந்த ஊரில் ஒழுங்கான மெக்கானிக் என்று ஒருவர் இருந்தால் சொல்லுங்கள் பார்க்கலாம்.

பட்டறை வாசல் எழுதியது:

சத்துவாச்சாரியில் 19 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியைத் தொட்டது நான் இல்லை. ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அனுப்புவதை நானும் செய்திருக்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. எப்போது என்று கேளுங்கள். மே மாதம், முகூர்த்த நாள், காலை பத்து மணி, வண்டிக்குள் பட்டுப்புடவையோடு ஆறு பேர், குடியாத்தத்தில் கல்யாணம். தெர்மோஸ்டாட் திறக்காமல் இறுகிப் போயிருக்கிறது. சாமான் ஊரில் இல்லை, சென்னையிலிருந்து மறுநாள்தான் வரும். "எப்படியாவது ஓட வையுங்கண்ணே" என்கிறார்கள். கழற்றிவிட்டு, திங்கட்கிழமை வாங்க, புதுசு போட்டுடலாம் என்று அனுப்பினேன். அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. வண்டிதான் ஓடுகிறதே, அப்புறம் எதற்கு வருவார்கள்?

ஃபேனுக்கு ஃபியூஸ் இல்லாமல் ஒயர் கொடுத்தது தப்பு. பெரிய தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் வாசலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் உடைத்து எடுத்துவரும் வண்டிகளையும் கொஞ்சம் சொல்லட்டுமா? ஆயில் மாற்றுகிறேன் என்று, ஆயில் தேங்கி நிற்கிற அலுமினிய சம்ப்பில் இரும்பு போல்ட்டைப் போட்டு முறுக்கு முறுக்கு என்று முறுக்கி மரையை வழித்துவிடுவார்கள். சொட்டு சொட்டாக ஒழுகும். அதற்கு மேல் எம்-சீல் அப்பிக்கொண்டு என்னிடம் வருவார்கள். வந்ததும் முதல் வார்த்தை, "சின்ன வேலைதான், ஐந்நூறு ரூபாய்க்குள்ள முடிச்சிடுங்க."

குடியாத்தம் தம்பி எழுதியது:

ஒரு சந்தேகம். நம்ம ஊர் வெயிலுக்கு எதற்குத் தெர்மோஸ்டாட்? அது பனி பெய்கிற நாட்டுக்காக வைத்த சாமான், இங்கே கழற்றிவிட்டால் இன்னும் நல்லதுதான் என்று எங்கள் தெரு மெக்கானிக் அடித்துச் சொல்கிறார். தண்ணி இல்லாத ஆறுள்ள ஊரில் ரேடியேட்டராவது குளுகுளுவென்று இருக்கட்டுமே.

பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பி, ராணிப்பேட்டை பெல் (BHEL) கம்பெனியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெளியே 20 டிகிரியா 40 டிகிரியா என்பது என்ஜினுக்குப் பெரிய வித்தியாசமே இல்லை. அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டிய சூடு 90ஐ ஒட்டி. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பிக்கும், அந்த எண் அதன் மேலேயே அடித்திருக்கும், பாருங்கள். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்ற விடும். அதைப் பிடுங்கிவிட்டால் என்ஜின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடும். வண்டி இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 17 கொடுத்தது 13க்கு இறங்கின கணக்கு அதுதான். என்ஜின் ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாமல் தங்கி ஆயில் கெட்டுப்போகும்.

காட்பாடிக்காரருக்கு இரண்டு கேள்வி. ஒன்று, புதுத் தெர்மோஸ்டாட்டை எந்தப் பக்கமாக உட்கார வைத்தீர்கள்? அதன் தட்டில் ஒரு பொட்டு ஓட்டையும், அதில் கடகடவென்று ஆடுகிற குட்டி ஊசியும் இருந்தால், அது காற்று வெளியேறுவதற்கு, மேல் பக்கமாக வர வேண்டும். கீழே போட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். இரண்டாவதுதான் முக்கியமானது. போன வருடம் வண்டி ஏன் சூடானது? தெர்மோஸ்டாட் கெட்டுத்தான் சூடானது என்று யார் சொன்னார்கள்? பட்டறைக்காரர் காரணத்தைத் தேடாமல் கழற்றினார். நீங்களும் காரணத்தைத் தேடாமல் மாட்டியிருக்கிறீர்கள்.

காட்பாடி ஆல்டோ எழுதியது:

ஐயா, ஊசியைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் பார்த்துச் சொல்கிறேன். நேற்று சித்தூர் பஸ் நிறுத்தம் பக்கம் நிற்கும்போது முள் இரண்டு தடவை குபீரென்று ஏறி இறங்கியது என்பதும் உண்மைதான். சென்சார் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் கேட்கிறேன், அந்தப் பட்டறையில் செய்ததும் நான் செய்ததும் ஒன்றா? நான் செய்த தப்பு எனக்குத் தெரிகிறது, திருத்துகிறேன். அவர் செய்ததை நான் ஒரு வருடம் கழித்து மூடியைத் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ராத்திரி டிரைவர் எழுதியது:

நான் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து ஏற்றி இறக்குகிறவன். பழைய டிசையர். என் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைக்கு வீட்டில் அடுப்பும் யோசிக்கும், அதனால் வாசலில் பிரித்துப் போட்டு உட்கார எனக்கு நேரமில்லை. ஆனாலும் வீல் நட்டு விஷயத்தில் மட்டும் யாரையும் நம்புவதில்லை.

ஒரு தடவை பள்ளிகொண்டா டோல் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்குப் பஞ்சர். பின் சீட்டில் ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போகிற ஒரு பெரியவர், அவர் பெண். ஜாக்கி போடுவதற்கு முன் நட்டைத் தளர்த்தலாம் என்று எல் ஸ்பேனரை மாட்டினால், அசையவில்லை. காலால் மிதித்தேன், ஏறி நின்று குதித்தேன். மூன்று நட்டு கழன்றது, நாலாவது ஸ்டட்டோடு முறிந்து கையில் வந்தது. முந்தின வாரம் டயர் கடையில் ஏர் கன்னை வைத்து டர்ர்ர் என்று விட்டதன் பலன். அந்தப் பெண் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் பார்த்துட்டு வர மாட்டீங்களாண்ணே" என்று கேட்டது. என்ன பதில் சொல்வது? இப்போதெல்லாம் கன்னில் சும்மா ஏற்றிவிட்டு, கடைசி முறுக்கைக் கையால் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறேன். டயர் கடைப் பையன் முறைப்பான், முறைத்துவிட்டுப் போகட்டும்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

பழைய டிசையருக்கு வீல் நட்டு முறுக்கு 85 நியூட்டன் மீட்டர். இதைக் கிலோவில் சொன்னால் பிடிபடும். ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 28 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. 70 கிலோ ஆள் அதே நுனியில் ஏறி நின்றால் 200ஐத் தாண்டிவிடும், குதித்தால் கணக்கே இல்லை. மற்ற வண்டிக்காரர்கள் அவரவர் கையேட்டைப் பாருங்கள், வண்டிக்கு வண்டி மாறும். நட்டை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள், மரையில் ஆயில் தடவாதீர்கள், தடவினால் அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக இழுபடும்.

பட்டறை வாசல் ஐயா, உங்களிடம் முறுக்கை அளந்து போடுகிற டார்க் ரெஞ்ச் இருக்கிறதா?

ஆரணி டீச்சர் எழுதியது:

எல்லாரும் நட்டு, போல்ட் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தலைப்புப் போட்டவர் "பிரேக் எல்லாமே வீட்டு வாசலில்தான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார், அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் தம்பி வீடியோ பார்த்துவிட்டு என் வண்டியின் பின் பிரேக் லைனரை மாற்றினான். இரண்டு பக்க டிரம்மையும் ஒரே நேரத்தில் கழற்றினான். ஸ்பிரிங் நாலைந்து தரையில் விழுந்தது, எது எங்கே இருந்தது என்று பார்க்கக் கழற்றாத பக்கம் ஒன்றும் இல்லை, நினைவில் வந்த மாதிரி மாட்டினான். அட்ஜஸ்ட் செய்யவில்லை. ஆரணி டவுனுக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூட லீவில் ஏலகிரி போனோம். ஏறும்போது ஜோர். இறங்கும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மிதித்தால் தரை வரை போகிறது, இன்னொரு தடவை மிதித்தால் பிடிக்கிறது. முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பல்லு பல்லாக இழுத்துக்கொண்டே ஒரு ஓரமாக நிறுத்தினேன். பின்னால் என் இரண்டு பிள்ளைகள். அதற்கு முந்தின வளைவின் பெயர்ப் பலகையில் எந்தப் புலவர் பெயர் இருந்தது என்று பெரியவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இன்றைக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் வயிற்றைப் பிசையும்.

தம்பி கெட்டிக்காரன்தான், பிளக்கும் ஃபில்டரும் நன்றாகவே மாற்றுவான். ஆனால் பிரேக் வேறு. ஆயில் ஒழுகினால் தரை நனையும், பிளக் கெட்டால் வண்டி நிற்கும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது.

பட்டறை வாசல் எழுதியது:

டீச்சரம்மா சொன்னதில் லைனர் மட்டும் குற்றவாளி இல்லை. அந்தப் பிரேக் ஆயிலை எத்தனை வருடமாக மாற்றவில்லை என்று தம்பியைக் கேளுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ரக ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அதுவே 140 வாக்கில் கொதித்துவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு சாதாரணமாக வரும். கொதித்தால் உள்ளே ஆவி. ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் பெடல் பஞ்சாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொன்னால், "ஆயில்தான் ஃபுல்லா இருக்கே" என்று கப்பைக் காட்டுகிறார்கள்.

டார்க் ரெஞ்ச் இருக்கிறது ஐயா. என்ஜின் ஹெட் மாட்டும்போது எடுப்பேன். வீல் நட்டுக்கு எடுத்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வண்டி, இரண்டே பையன்கள். முன்பெல்லாம் ஐடிஐயில் இரண்டு வருடம் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டுப் பையன்கள் வந்து நிற்பார்கள். இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் டெலிவரி வேலைக்கும் போய்விடுகிறார்கள், அங்கே கை கறுப்பாவதில்லை. இருக்கிற பையனை வைத்துக்கொண்டு, அவசரப்படுத்துகிற ஆளுக்கு வேலை முடித்துக் கொடுக்க வேண்டும். இதையும் ஒரு வரி எழுதுங்களேன்.

காட்பாடி ஆல்டோ எழுதியது:

பையன் கிடைக்கவில்லை என்பதற்கு நான் ஏன் 2,800 கொடுக்க வேண்டும்? கழற்றினதைச் சொல்லிவிட்டுக் கழற்றியிருந்தால் எனக்குக் கோபமே இல்லை. "சரி பண்ணியாச்சு" என்று சொன்னார் பாருங்கள், அந்த வார்த்தைக்குத்தான் கோபம்.

ஆரணி டீச்சர் எழுதியது:

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வண்டியை விடும்போதே, கழற்றுகிற பழைய சாமானை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவேன். என்ன மாற்றினீர்கள் என்று பேர் பேராக எழுதின பில்லும் வேண்டும். பில் இருந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு நிரூபிப்பது கஷ்டம். அதேபோல வீட்டில் நீங்களே செய்துகொண்டால் யார் மேல் புகார் கொடுப்பீர்கள், உங்கள் மேலேயா?

குடியாத்தம் தம்பி எழுதியது:

என்னுடையது 2021 பிஎஸ்6. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறேன், ஸ்டியரிங் அடியில் சொருகினால் செல்போனிலேயே கோளாறு வந்துவிடும். பி0301 காட்டியது, பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கிற ஒண்ணாம் நம்பர் காயிலை நானே மாற்றிவிட்டேன். இனி மெக்கானிக்கே தேவையில்லை போல.

பட்டறை வாசல் எழுதியது:

மாற்றின பிறகு போனதா?

குடியாத்தம் தம்பி எழுதியது:

இல்லை. :(

பட்டறை வாசல் எழுதியது:

பி0301 என்றால் ஒண்ணாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எதுவாகவும் இருக்கலாம். புதுசு வாங்குவதற்கு முன், ஒண்ணாம் நம்பர் காயிலை இரண்டாம் நம்பருக்கு மாற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். கோடு 0302 ஆக மாறினால் காயில், மாறாவிட்டால் வேறு. செலவு இல்லாத வேலை. பிளக்கைக் கழற்றும்போது என்ஜின் ஆறியிருக்கட்டும், மாட்டும்போது முதல் நாலு சுற்று விரலால். ஸ்பேனரை எடுத்த எடுப்பிலேயே வைத்தால் ஹெட் மரை போய்விடும்.

ராத்திரி டிரைவர் எழுதியது:

வாசலில் ஆயில் மாற்றுகிறவர்களை ஒன்று கேட்கணும். கழிவு ஆயிலை எங்கே ஊற்றுகிறீர்கள்?

காட்பாடி ஆல்டோ எழுதியது:

வீட்டுக்குப் பின்னால் கால்வாய் போகிறது. அதில்தான். மூன்று லிட்டர்தானே.

ஆரணி டீச்சர் எழுதியது:

மூன்று லிட்டர்தானே என்றுதான் எல்லாரும் ஊற்றுகிறார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலக்கிறது என்று நம்ம வேலூர்க்காரர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996ல் தீர்ப்பு வாங்கினார்கள். மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் அழுத்தமாகச் சொன்னார்கள், சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். நீங்கள் காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு கேன் கேனாக ஊற்றுங்கள். மெக்கானிக் ஏமாற்றினார் என்று தலைப்பு வேறு.

காட்பாடி ஆல்டோ எழுதியது:

சரி டீச்சர், உறைத்தது. இனி ஊற்ற மாட்டேன். இந்தத் தடவை எடுத்தது கேனில்தான் இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டைத் திறந்து பார்த்தேன். ஃபிட்டர் ஐயா சொன்னது சரி, ஊசி கீழே இருந்தது. கையோடு அதைச் சோதித்தும் பார்த்தேன். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் வெந்நீரில் தொங்கவிட்டேன். குமிழ் வர ஆரம்பிக்கும்போது அசையவில்லை, கொஞ்ச நேரத்தில் நடுவட்டம் மெல்ல வாயைப் பிளந்தது, அடுப்பை அணைத்ததும் ஐந்து நிமிடத்தில் மூடிக்கொண்டது. (பால் பாத்திரம். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.) சாமான் நன்றாகத்தான் இருக்கிறது, ஊசியை மேலே வைத்து மாட்டி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டுக் காற்றை எடுத்தேன்.

போன வருடம் ஏன் சூடானது என்பதற்கும் பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறது. ரேடியேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்தால் டியூப் வாயெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு.

பழைய ஃபிட்டர் எழுதியது:

போர் தண்ணி ஊற்றினீர்களா?

காட்பாடி ஆல்டோ எழுதியது:

பத்து வருடமாக.

பழைய ஃபிட்டர் எழுதியது:

அதுதான். நம்ம பக்கத்துப் போர் தண்ணியில் குளித்தால் பக்கெட்டே வெள்ளை படிகிறது, ரேடியேட்டர் மட்டும் தப்புமா? மூடியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற மூடி என்றால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் போனால் 100லேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். புது மூடி போடுங்கள், சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள், அது வாசலில் ஆகிற வேலை இல்லை. அப்புறம் கூலன்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

பட்டறை வாசல் எழுதியது:

ரேடியேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாங்க, ஒரு நாளில் செய்து கொடுக்கிறேன். அந்தக் கேனையும் கொண்டுவாங்க, என்னிடம் டிரம் இருக்கிறது, கழிவு ஆயில் எடுக்கிறவர் மாதம் ஒரு தடவை வருவார். கூலி என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் தலைப்புப் போடாதீர்கள். 900. பேர் எழுதின பில்லோடு.

காட்பாடி ஆல்டோ எழுதியது:

சனிக்கிழமை வருகிறேன். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

பட்டறை வாசல் எழுதியது:

நில்லுங்கள். டீக்கடை எதிரில்தான். ஆனால் பையனிடம் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லக் கூடாது.

ஆரணி டீச்சர் எழுதியது:

பிரேக்?

காட்பாடி ஆல்டோ எழுதியது:

பிரேக் ஆயில் மாற்றுவதைப் பட்டறைக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன் டீச்சர். முன் பேடை மட்டும் நானே போடுவேன், ஒரு பக்கம் முடித்த பிறகுதான் அடுத்த பக்கம்.

ஆரணி டீச்சர் எழுதியது:

எனக்கு இன்னும் சம்மதம் இல்லை.